இடப்பக்கம் உடையும் கார்செட்

1

கண்ணுகளா, முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க, சுரங்க நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். தையல் மெஷின் பக்கத்தில் ஒரு கார்செட் பிரித்துக் கிடந்தது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற உள்சட்டை அது. கூத்தில் ராணி வேஷம் கட்டுகிற ஆளுக்குத் தைத்ததாம். அதன் மடிப்பிலிருந்து பழுப்பு நிலக்கரித் தூள் உதிர்ந்தது. நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டிய கதை. நம்புகிறவர்கள் மேலே வாருங்கள். நம்பாதவர்களும் வாருங்கள், இடம் இருக்கிறது.

2

ஒரு நாள் காலை பொற்கொடி... (வேண்டாம். எல்லாக் கதையும் காலையில்தான் தொடங்குகிறது.)

கலங்கிய கண்களோடு பொற்கொடி... (அவள் அழுகிற ஆள் இல்லை.)

தையல்காரி பொற்கொடிக்குக் கோபம். அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தக் கார்செட்டில் இடப்பக்கப் பட்டை மூன்றாம் முறையாக உடைந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் பெட்டியைக் கட்டிவருகிற பிளாஸ்டிக் பட்டையை இரட்டையாக வைத்து, முனை குத்தாதிருக்க மெழுகுவர்த்தியில் காட்டி மழுக்கி, துணிக்குள் செருகித் தைத்திருந்தாள்.* விடிய விடியச் சுழன்று ஆடினால் மட்டும் அது உடையாது.

மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், பர்மனென்ட்டாக இருக்கும் அவள் கணவர் சிவப்பிரகாசம், தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது மேக்கப் பவுடர் இல்லம்மா, நம்ம மைன்ஸ் சரக்கு. உன் ராணி கரி போற கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழ தர்பார் நடத்துறாங்க போல."

* செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதில் எஃகுப் பட்டை போட்டார்களாம். பொற்கொடிக்குப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் போதும்.

3

இனி ராணியை உள்ளே விட வேண்டும். பெயர் குமரவேல், குறிஞ்சிப்பாடிப் பக்கம், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. முந்தைய வரைவில் இவனைப் பொய்யன் என்று எழுதியிருந்தேன். மறுநாள் படித்தபோது கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

"வேலைக்கும் இதப் போட்டுக்கிட்டுப் போறியா?" என்றாள் பொற்கொடி.

"சட்டைக்குள்ள கெடக்குது. யாருக்குத் தெரியப் போவுதுங்கக்கா?"

"எனக்குத் தெரிஞ்சுதே. ஏன் எடது பக்கமா சாயிற?"

அவன் கார்செட் நாடாவை விரலில் சுற்றினான். "பெல்ட்டு ஓடற இரும்பு ரோலர தூக்கசொல்லோ முதுவு புடிச்சிகிச்சி. இத கட்டிகினாத்தான் நிமிர முடியுது."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கனம் தூக்காத, ரெண்டு மாசம் படுன்னாரு. கான்ட்ராக்ட்ல படுத்தா, அந்த எடத்துல வேற ஆளு நிப்பான்."

"புவனாவுக்குத் தெரியுமா?" புவனா அவன் மனைவி.

"நான் சீலை கட்டி ஆடறதே அதுக்கு ஆவாது. ராணியம்மாவுக்கு முதுவு வலின்னா வூடே சிரிக்கும்." சிரித்துக்கொண்டே சொன்னான், பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "இன்னும் நாலு பட்டை கூடப் போட்டுக் குடுங்கக்கா. ஒடையாத மாதிரி."

4

முடிவு ஒன்று. பொற்கொடி மறுக்கிறாள். அவன் துண்டை முறுக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போகிறான். ரோலரைத் தூக்கும்போது துண்டு நழு... (என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு. உறுதியாகத் தைத்துக் கொடுக்கிறாள். வலி அடங்கியதும் அவன் முன்னைவிடக் கனமாகத் தூக்குகிறான். ஒரு நாள் கார்செட் உடையவில்லை, முதுகு... (இதற்குத்தான் அவள் பயப்படுகிறாள்.)

முடிவு மூன்று. சிவப்பிரகாசம் யாரிடமோ பேசி, அவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கித் தருகிறார். எழுதி முடித்ததும் மனசு குளிர்ந்தது; ஒரு டம்ளர் காபிகூடப் போட்டுக் குடித்தேன். பிறகு, அப்படி ஒரு வேலை கேட்டு இந்த நகரியத்தில் வருஷக்கணக்காக நடக்கிறவர்களை நினைத்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

5

இதுவரை நிச்சயம். மத்தியானம் ஒரு மணி. வலப்பக்கம் தைத்தாகிவிட்டது. இடப்பக்கத் துணி இன்னும் வாய் திறந்து கிடக்கிறது; புதுப் பட்டை பொற்கொடியின் மடியில். கால் மெஷின் மிதியில் இருக்கிறது, மிதிக்கவில்லை.

"பட்டை போடாமத் தெச்சா கூத்துக்கு மட்டும் ஆவும்" என்கிறாள், அவனைப் பார்க்காமல்.

"கூத்து மாசத்துக்கு நாலு நாளுதானக்கா. ரெண்டு மணி ஷிப்ட்டு தெனமும் வருது."

கண்ணுகளா, நான் எழுந்துகொள்கிறேன். மெஷின் முன்னால் இருக்கும் அவள் ஸ்டூலில் நீங்கள் உட்காருங்கள். பட்டையைச் செருகுவதோ விடுவதோ உங்கள் பாடு. எது செய்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மிதிப்பதற்கு முன் ஒரு தரம் மட்டும் வாசல் பக்கம் பாருங்கள். கதவு நிலையில் குமரவேல் சாய்ந்து நிற்கிறான். நீங்கள் பார்ப்பது தெரிந்ததும் நிமிர்கிறான்.