மதகுக் கைப்பிடி

வாடகைப் படகில் குடும்பமே கால்வாய்ச் சுற்றுலா போனது. சுக்கான் மூத்த மகனிடம். வழியில் மதகுகள்: முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டிகள், படகைக் கீழ்மட்டத் தண்ணீருக்கு இறக்குபவை. மதகு வந்தால் கரையில் இறங்குவது இளைய மருமகளின் வேலை. படகு தொட்டிக்குள் வந்ததும் அவள் பின்கதவைச் சாத்தி, படகிலிருந்து எடுத்துப்போகும் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித் தண்ணீரை வடியவிடுவாள். படகு தாழ்ந்ததும் முன்கதவைத் தள்ளித் திறப்பாள். வெளியே வரும் படகு கரையோரம் நின்று, கதவு திறந்தவரை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மூத்தவன் நிறுத்தவில்லை. அடுத்த பாலம்வரை அவளை ஓடவிட்டான்.

"ஓடு தாயி, ஓடு! ஓடினாத்தான் கல்யாண ஜாக்கெட் மறுபடி ஏறும்!" என்று கத்தினான்.

மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மூத்த மருமகள் செல்போனில் படம் பிடித்தாள். ஓடுகிறவளின் கணவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த மதகிலும் அதே விளையாட்டு. இந்த முறை செருப்பு அறுந்து, வெறுங்காலோடு சரளைக்கல்லில் ஓடினாள். படகின் சமையலறை மூலையில் அவள் பாதத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கணவன் வந்தான்.

"அடுத்த மதகுல சுக்கானை நான் வாங்கிக்கிறேன். உனக்காக நிறுத்துவேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

வலி பாதியாகக் குறைந்துவிட்டது. மனுஷிக்கு எவ்வளவு சொற்பம் போதுமாயிருக்கிறது!

சொன்னபடியே சுக்கானை வாங்கிக்கொண்டான். அவள் கதவைத் திறந்தாள். படகு வெளியே வந்து, வேகம் தணிந்து, கரைப்பக்கம் திரும்பியது. ஏறுவதற்கு அவள் ஒரு காலை முன்வைத்தாள்.

"அடேங்கப்பா!" என்றான் மூத்தவன். "அம்மா, பாத்தியா? உன் புள்ள பொண்டாட்டிக்கு டாக்சி ஓட்டுறான்!"

"பெத்தவளுக்கு ஒரு நாள் கதவு திறந்துவிட்டிருப்பானா?" என்றாள் மாமியார்.

கணவன் கரையில் நின்ற மனைவியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். எஞ்சின் உறுமியது. படகோடு சிரிப்பும் வளைவில் திரும்பிப் போனது.

அவள் ஓடவில்லை.

மதகைக் காவல் காக்கும் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்காமல் குடிக்கத் தண்ணீர் தந்தாள். பிறகு தன் செருப்பைக் கழற்றி வைத்தாள். "போட்டுக்கம்மா. எனக்கு வீடு இங்கதான்."

கடவுளிடம் முறையிட அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. பதில் தேய்ந்த ரப்பர் செருப்பாக வந்துவிட்டது.

வெகுநேரம் கழித்துக் கணவன் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான்.

"என்ன சின்னப் புள்ள மாதிரி? அண்ணன் செம கடுப்புல இருக்காரு. கைப்பிடி உன்கிட்டதானே இருக்கு? அது இல்லாம எப்படி அடுத்த மதகைத் தாண்டுறது?"

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் பாதம் கண்ணெதிரேதான் இருந்தது. "சரி, வா. நாளைக்குக் கண்டிப்பா நிறுத்துறேன்."

அவள் கைப்பிடியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அந்த இரும்பில் இன்னும் அவள் கைச்சூடு இருந்தது.

"இந்தாங்க. இனிமே நீங்க இறங்கித் திறங்க. உங்களுக்காவது அண்ணன் நிறுத்துறாரான்னு பாருங்க."

காவல்காரப் பெண்ணிடம் பேருந்து நிற்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு, அந்தச் செருப்போடு மேட்டுப் பாதையில் ஏறினாள்.

"ஏய், நில்லு!" என்றான் அவன்.

வளைவுக்கு அப்பால் படகின் ஹாரன் அலறியது. கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் ஓடத் தொடங்கினான், படகை நோக்கி.