வழுக்கும் சுத்தி

ஓல்டாவுக்கு அந்தப் பிஸ்டல் பிடிக்காமல் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பிடித்துத் தொலைத்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மொராவியாவில் அவன் இருந்த சின்ன ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது ஸ்லாவெக்கின் பிஸ்டல் தொழிற்சாலைதான். ஸ்லாவெக்கும் ஓல்டாவும் வாலிப வயதிலிருந்து போட்டிகளில் சேர்ந்து சுட்டவர்கள். பிறகு ஒருவன் முதலாளி ஆனான், மற்றவன் அவனிடம் சோதனைச் சுடுநர் ஆனான். புதிதாக எது செய்தாலும் முதலில் ஓல்டாவின் கைக்குத்தான் வரும். அவன் சரி என்று சொன்னால்தான் கடைக்குப் போகும். இருபது வருடமாக அப்படித்தான்.

இந்த வருடம் வந்தது 'ஆந்தை'. போட்டிக்கென்றே செய்த முழு அளவுப் பிஸ்டல். அடியிலிருந்து நுனி வரை எஃகு, ஒரு கிலோவுக்கு மேல் கனம். பிளாஸ்டிக் உடம்புப் பிஸ்டல் சுட்டதும் கையில் துள்ளும். இது உதைப்பைத் தனக்குள்ளேயே விழுங்கிவிட்டு, குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முள்ளைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. ஓல்டா அதை மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டான், நின்று சுட்டான், ஓடிக்கொண்டு சுட்டான். எண்ணெய் போடாமல் சுட்டான், மண்ணில் புரட்டி எடுத்துச் சுட்டான். குளிர்பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்து எடுத்தும் சுட்டான். இருபத்தைந்து மீட்டரில் குண்டுகள் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் போய் விழுந்தன. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி மிலூஷாவிடம், "இப்படி ஒண்ண நான் தொட்டதே இல்லடீ" என்றான்.

"என்னைத் தொட்டப்பவும் இதையேதான் சொன்ன" என்றாள் அவள், முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டே.

குறை ஒன்றே ஒன்றுதான். சுத்தி.

பிஸ்டலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமே, முன்னால் பாய்ந்து அடித்துக் குண்டை வெடிக்கவைக்கிற துண்டு, அதுதான் சுத்தி. இவர்கள் சுடுகிற போட்டிப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. குண்டு ஏற்றிய பிஸ்டலை உறையில் போடும்போது சுத்தி முழுக்கக் கீழே படுத்திருக்க வேண்டும். ஆனால் குண்டு ஏற்றினாலே சுத்தி நிமிர்ந்து நின்றுவிடும். அதைப் படுக்கவைக்க 'ஆந்தை'யில் தனி நெம்பு எதுவும் கிடையாது. கட்டைவிரலால் சுத்தியை அழுத்திப் பிடித்து, விசையையும் இழுத்து, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். உள்ளே உயிருள்ள குண்டு இருக்கும். விரல் வழுக்கினால் வெடிக்கும். வெடித்தால் குண்டு மண்மேட்டில் போய்ப் புதைந்தாலும் சரி, போட்டியிலிருந்து வெளியே போக வேண்டியதுதான். வருடக்கணக்கில் சுடுகிறவர்கள் இதைப் பொத்தான் போடுவதுபோல யோசிக்காமல் செய்வார்கள். யோசிக்காமல் செய்வதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

பிராகிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஒருவர் சுத்தியை ஆந்தையின் கண் மாதிரி வட்ட வளையமாகச் செய்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியிருந்தார். பார்க்கக் கொள்ளை அழகு. பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை. விரல் நனைந்திருந்தால் மீன் மாதிரி நழுவியது.

ஓல்டா போய்ச் சொன்னான். "ஸ்லாவெக், எல்லாம் தங்கம்டா. சுத்திய மட்டும் மாத்து. கொஞ்சம் அகலமா, மேல குறுக்குக் குறுக்கா வெட்டுப் போட்டு, நுனியைச் சின்னதா மேல வளைச்சுவிடு. கிராம் கணக்குலதான் கூடும்." ஒரு பழைய இலக்குத் தாளின் பின்னால் படமும் வரைந்து காட்டினான்.

ஸ்லாவெக் தாளை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தான். பிறகு ஓல்டாவின் கையைப் பார்த்தான். "ஆயிரம் சுத்தி வெட்டி வந்தாச்சு. சுவரொட்டி அடிச்சாச்சு. சுவரொட்டியில இருக்கறதே அந்தக் கண்ணுதான். வேற யாரும் வழுக்குதுன்னு சொல்லலையே."

"வேற யாரு மழையில சுட்டான்?"

"ரதானா சுட்டா."

ரதானா ஸ்லாவெக்கின் மகள். நன்றாகச் சுடுவாள், பொய் சொல்லக்கூடாது. காமிராவுக்கு முன்னால் நின்று 'ஆந்தை'யை எடுத்துக் காட்டி, "சுத்தி அவ்ளோ மென்மையா இருக்கு!" என்று சொன்ன படத்தை ஊரே பார்த்தது.

"ஓல்டா, கோவிச்சுக்காத. நமக்கு அம்பத்தஞ்சு ஆகப்போகுது. விரல்ல முன்ன மாதிரி பிடி இருக்குமா? தேசியப் போட்டியில இதை வச்சே சுடு. முதல் பத்துக்குள்ள வா. அப்ப உன் கை சரியா இருக்குன்னு நானே ஒத்துக்கிட்டுச் சுத்திய மாத்தறேன். இல்லேன்னா வேற ஒரு கையைப் பார்க்கறேன்."

இருபது வருட வேலை அந்தக் கடைசி வாக்கியத்தில் தொங்கியது. ஓல்டா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். "சுடறேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

மிலூஷா அதைக் கேட்டுவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டாள். "உனக்கு மூளை இருக்கா? நீ நல்லா சுட்டா, சுத்தி நல்லாத்தான் இருக்குன்னு சொல்வான். வழுக்கிச்சுன்னா உனக்கு வயசாச்சுன்னு சொல்வான். எப்படிப் பார்த்தாலும் அவன்தானே ஜெயிக்கறான்?"

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன்யா போற?"

அவன் உறையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். வீம்புக்கு எப்போது பதில் இருந்தது?

போட்டி நடந்தது ஒரு பழைய கல்குவாரியில். அக்டோபர் மாதத் தூறல் விடிந்ததிலிருந்து விடவில்லை. காலையிலேயே சோதனை மேசையில் ஹினெக் அவன் பிஸ்டலை வாங்கி எடை போட்டான். ஹினெக் பழைய சிநேகிதன், வாயாடி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு எல்லோரையும் நக்கல் அடிப்பவன். "ஆந்தையா? பகல்ல கண்ணு தெரியுமாய்யா இதுக்கு?" என்று கேட்டு எடையைத் தாளில் குறித்துக்கொண்டான்.

முதல் ஐந்து கட்டங்களில் ஓல்டா சுட்டதைப் பார்த்தவர்கள் அதை லேசில் மறக்க மாட்டார்கள். பிஸ்டல் உறையிலிருந்து வந்தது தெரியவில்லை, இலக்குகள் விழுந்தது மட்டும் தெரிந்தது. கனமான எஃகு அவன் கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பட்டியலில் ஏழாவது இடம். ஒவ்வொரு தடவை சுத்தியை இறக்கும்போதும் கைக்குட்டையால் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இறக்கினான். சுட்டபோது பயமில்லை, அந்த ஒரு நொடிக்குத்தான் பயந்தான்.

ஆறாவது கட்டம். "ஏற்றித் தயாராகுங்க" என்றார் ரேஞ்ச் அதிகாரி. ஓல்டா குண்டு ஏற்றினான். விரலைத் துடைத்தான். ஆனால் சுத்தியைத் துடைக்கவில்லை. தொப்பியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு நீர் அந்த அழகான கண்மேல் விழுந்திருந்தது. விசையை இழுத்ததும் கட்டைவிரலின் கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

டமார் என்றது. எதிரே மண்மேட்டில் சேறு தெறித்தது.

"நிறுத்துங்க!"

ஓல்டா பிஸ்டலைக் காலி செய்து காட்டினான், உறையில் போட்டான். அதிகாரி தோளைத் தட்டி, "மன்னிச்சுக்குங்க, வெளியேத்தறேன்" என்றார். பின்னால் நின்ற இளவட்டங்களில் ஒருவன், "மாமா, இனிமே கட்டைவிரலுக்கும் ஒரு கண்ணாடி மாட்டிக்குங்க!" என்றான். கொல்லென்று சிரிப்பு. ஓல்டாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஸ்லாவெக் குடைக்கடியில் நின்றிருந்தான். சிரிக்கவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினான், இரக்கப்படுகிறவன் மாதிரி. அந்த இரக்கத்தை விடச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியேற்றப்பட்டவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடக்கூடாது. கடைசி வரை இருந்து மற்றவர்களுக்கு உதவ வேண்டும், சாயந்திரம் தன் குழுவில் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். ஓல்டாவும் இருந்தான். மழைக்கு ஹினெக்கின் கூடாரத்தில் ஒதுங்கி, சூடான டீக் குவளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹினெக்கே அவனைக் கிண்டல் செய்யவில்லை. அந்த அளவுக்கு அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

காலையில் சோதிக்காதவர்களில் முன்னணியில் இருந்தவர்களை மத்தியானம் சோதனைக்குக் கூப்பிட்டார்கள்; ரதானா வந்தாள். மூன்றாவது இடத்தில் இருந்தாள். கூடவே அப்பா. ஓல்டாவைப் பார்த்ததும் அவள் தரையைப் பார்த்தாள்.

ஹினெக் பிஸ்டலை எடைத்தட்டில் வைத்தான். காலையில் எழுதின தாளைப் புரட்டினான். "இதென்னய்யா? ஓல்டாவோட ஆந்தையும் இதேதானே? இது நாலு கிராம் கூட இருக்கு."

"எண்ணெயா இருக்கும்" என்றான் ஸ்லாவெக்.

"நாலு கிராம் எண்ணெயா? பொரிச்சா எடுத்துட்டு வந்தீங்க?" ஹினெக் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான். "அட, சுத்தி வேறயா இருக்கே."

ஓல்டா குவளையை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தான்.

அகலமான சுத்தி. மேலே குறுக்குக் குறுக்காக வெட்டுகள். நுனி சின்னதாக மேல் நோக்கி வளைந்திருந்தது. இலக்குத் தாளின் பின்னால் அவன் வரைந்தது அப்படியே எஃகாகி உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் அவன் கோணலாகப் போட்டுவிட்ட கடைசிக் கோடு கூட அதில் கோணலாகவே இருந்தது.

ஸ்லாவெக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆக, ஓல்டா சொன்னது சரி என்று ஸ்லாவெக்குக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் தன் மகளுக்கு மட்டும் ஒன்றைச் செய்து மாட்டிவிட்டு, அவனிடம் வயசாச்சு என்று சொல்லி அந்த வழுக்கலோடு மழையில் அனுப்பினான். பாவி! முப்பது வருட சிநேகிதம்!

"ரதானா?" என்றான் ஓல்டா.

"அப்பா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு மாமா." என்றாள் அவள். "எனக்கும் ரெண்டு தடவை வழுக்கிச்சு. காலி பிஸ்டல்ல."

ஹினெக் பேனாவை மேசையில் தட்டினான். இப்போது அவன் அதிகாரி. "இங்க பாருங்க, கம்பெனி செய்யற பாகமா இருந்தா விட்டுடுவேன். வீட்டுல ராவி மாட்டினதா இருந்தா பொண்ணை வேற பிரிவுக்குத் தள்ளணும், சட்டம் அது. முதலாளி பேச்சு எனக்கு வேணாம், அவருக்கு அவர் பொண்ணு. ஓல்டா, இந்தப் பிஸ்டலைச் சோதிச்சவன் நீ. நீ பொய் சொல்ல மாட்டே. சொல்லுய்யா, இது ஆந்தையோட சுத்திதானா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற இளவட்டங்களும் எட்டிப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரதானாவின் மூன்றாவது இடம் போகும், ஸ்லாவெக்கின் சுவரொட்டி சந்தி சிரிக்கும். ஓல்டாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை.

ஆனால் கண் அந்தச் சுத்தியை விட்டு நகரவில்லை. எவ்வளவு சரியாக இருந்தது! இதை வாயால் இல்லை என்று சொன்னால், அந்த வளையம் ஜெயித்துவிடும். அவன் போட்ட கோட்டை அவனே அழித்ததாக ஆகும். அப்புறம் ஆயிரம் பேரின் கட்டைவிரல் ஆயிரம் மழையில் வழுக்கும்.

"ஆமா" என்றான். "ஆந்தைக்கு இதுதான் சுத்தி. நான் சொல்லிச் செஞ்சது."

ஹினெக் தாளில் கையெழுத்துப் போட்டான். பிறகு நிமிர்ந்து, கள்ளம் கபடமில்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டான்: "நீயே சொல்லிச் செஞ்சதுன்னா, நீ ஏன்யா அதைப் போட்டுக்கல?"

இளவட்டங்கள் மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீண்டது.

சாயந்திரம் பீர்க் கொட்டகையில் ஓல்டா வழக்கத்தை மீறாமல் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தான். ரதானாவுக்கு மூன்றாவது இடம் நிலைத்துவிட்டது. ஸ்லாவெக் குவளையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலில் தேன் ஒழுகியது.

"பெரிய மனசுடா உனக்கு. நான் மறக்க மாட்டேன். அடுத்த தயாரிப்புல எல்லாப் பிஸ்டல்லயும் அந்தச் சுத்திதான். பேரு கூட யோசிச்சாச்சு. 'ரதானா சுத்தி'. மூணாவது இடம் வந்திருக்கா, நல்லா விக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "உன் வேலை விஷயம்... எல்லாரும் பார்த்துட்டாங்க இல்ல, இன்னிக்கு? வாங்கறவன் கேப்பான், இவரா சோதிச்சதுன்னு. பொட்டலம் கட்டற பிரிவுல உனக்கு ஒரு இடம் வச்சிருக்கேன்."

ஓல்டா அவனைப் பார்த்தான். கத்த வேண்டும் போல இருந்தது. காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. காலடியில் கிடந்த பையை, பெட்டியில் பூட்டியிருந்த அந்தப் பிஸ்டலோடு சேர்த்து எடுத்து ஸ்லாவெக்கின் மடியில் வைத்தான்.

"நல்ல பிஸ்டல்டா" என்றான். "நான் தொட்டதிலேயே நல்லது இதுதான். சோதிச்சு முடிச்சுட்டேன்."

வெளியே மழை வலுத்திருந்தது. காருக்குப் போனான். கதவுப் பிடியைப் பிடிக்குமுன் கைக்குட்டையால் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டில் மிலூஷா கதவைத் திறந்தாள், முகத்தைப் பார்த்தாள். மாவுருண்டையைச் சுடவைத்துத் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள்.

"சுத்திய மாத்தறாங்க" என்றான் அவன்.

"அப்ப நீ சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல" என்றான். "மாத்தறாங்க."