பிசின் டப்பாவும் பதினெட்டுப் பக்க நட்பும்

பதினொரு வருடமாக அவள் தேசிய அணியின் மாற்று கோல்கீப்பர். சர்வதேச ஆட்டம் ஒன்றில்கூடக் கம்பங்களுக்கு நடுவே நின்றதில்லை. பந்து வழுக்காமல் இருக்க எல்லோரும் விரலில் தடவிக்கொள்ளும் பிசின் டப்பா மட்டும் நிரந்தரமாக அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி மூன்று நாள் லீவு வாங்கி, இந்தப் பெண்கள் ஹேண்ட்பால் நட்புப் போட்டிக்கு வந்திருந்தாள். முழங்கால் இனி தாங்காது. இதுதான் கடைசி.

"கடைசி பத்து நிமிஷம் உங்களுக்குத்தான்க்கா," என்றாள் வயதில் இளைய கோச். "ஆனா நாலரைக்குள்ள ஆரம்பிக்கணும். ஆறு மணிக்கு ஹால்ல சோஃபா கண்காட்சிக்காரங்க வந்துடுவாங்க. லேட்டானா ஆட்டத்தைக் குறைச்சிடுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நாலு மணி ஆட்டம் என்று நம்பி மூன்றே முக்காலுக்கே எல்லார் விரலுக்கும் பிசின் அப்பிவிட்டாள். சங்கத் தலைவர் வந்ததோ நாலு இருபதுக்கு. கையில் பதினெட்டுப் பக்க உரை. பந்தை அவர் தொட்டதே இல்லை. நட்பைப் பற்றித்தான் ஆராய்ச்சி.

முதலில் கைகுலுக்கல். வரிசையாக வந்தவர் இவளிடம் நின்றார்.

"ரொம்ப சீனியராமே! நாட்டுக்காக எத்தனை ஆட்டம்?"

"உக்காந்தே நூத்திப் பத்து சார்."

"பிரமாதம்!" என்று இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். டப்பாவைச் சுமந்த கை. விடுவிக்கச் சற்றுப் பாடுபட்டார்.

மேடையேறி, "நட்பு என்பது பிரிக்க முடியாதது," என்று தொடங்கினார். முதல் பக்கத்தைப் புரட்டினார். பக்கம் பெருவிரலோடு வந்தது. மறு கையால் பிடுங்கினார், அதிலும் ஒட்டியது. உதறினார். பதினாறு பக்கம் ஒரே அப்பமாக மைக்கில் அப்பிக்கொண்டது. உதவியாளர் ஓடிவந்து இழுத்ததில் கிழிந்தது நட்பு. மிஞ்சிய கடைசிப் பக்கத்தைத் தலைவர் படித்தார்: "ஆட்டம் தொடங்கட்டும். நன்றி."

போட்டி முழுவதிலும் அதற்குத்தான் பெரிய கைத்தட்டல். விசில் ஊதியபோது மணி நாலு இருபத்தொன்பது.

கோச் சொன்ன சொல் தவறவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் நான்கு பந்து அவளைக் கடந்து போனது. ஐந்தாவது, தாடையெலும்பு தவிர மற்றதெல்லாம் தோள்பட்டையாக இருந்த ஒருத்தி எறிந்தது, இவள் முழங்காலில் பட்டுத் திரும்பியது. எந்த முழங்கால் என்று கேட்க வேண்டாம். ஒன்பது கோலில் தோற்றார்கள்.

பரிசளிப்பில் தலைவர் இரு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

காலை நீட்டித் தரையில் சாய்ந்திருந்தவளிடம் கோச் வந்தாள். "அக்கா, பிசின் டப்பா அங்கேயே கிடக்கு. எடுத்துட்டு வந்துடுங்க."

"நான் இன்னிக்கு ஆடினவம்மா," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "பெஞ்சுல உக்காந்திருந்தவங்க யாராவது இருப்பாங்க, சொல்லு."

கடைசிப் பத்து நிமிடம் பெஞ்சில் இருந்த முதல் கோல்கீப்பர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள்.