ஓட்டையின் மேல் மேசை

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. அவள் ஆசிரியை. பழைய பள்ளிக்கூடத்தை இடித்தபோது, லாரியில் கொண்டுவந்து கிரேனால் இறக்கிய ரெடிமேட் தகர அறையில் மூன்றாம் வகுப்பு நடத்துகிறாள். ஆறு மாதத்துக்கு மட்டும் என்றார்கள். ஒன்பது வருடம் ஆகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழைத்துளிகள் தகரக் கூரையில் தாளம் போட, பிள்ளைகள்...'

படித்துக் காட்டியதும் அக்காவுக்கு வந்ததே கோபம்.

"தாளமா? மழை வந்தா நான் கத்துறது முதல் பெஞ்சுக்கே கேக்காதுடா. வெயில் வந்தா பிள்ளைங்க வாந்தி எடுக்குது. நீ வேற தாளம் போடுற!"

வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவைத்திருக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

2

வில்லன் வேண்டுமே என்று, போன வருடம் அறையைப் பார்வையிட வந்த அதிகாரியைக் கொடுமைக்காரராக எழுதினேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்ல மனுஷன்டா. பிள்ளைங்க வரைஞ்சதையெல்லாம் நின்னு பார்த்தாரு."

(எனக்கு இன்னும் ஆறவில்லை. கொஞ்சம் குனிந்தும் பார்த்திருக்கலாம்.)

நடந்தது இதுதான். அவர் வருகிறார் என்றதும் அக்காவும் பெற்றோரும் சேர்ந்து அறைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். துருவின் மேல் பிள்ளைகளின் படங்களை ஒட்டினார்கள். தரைப் பலகை உளுத்து விழுந்த ஓட்டையின் மேல் அக்கா தன் மேசையை இழுத்துப் போட்டாள். விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவோமே, அந்தப் புத்தி. அவர் எழுதிவிட்டுப் போனார்: 'அறை நல்ல நிலையில் உள்ளது. புதிய கட்டடம் இப்போதைக்கு அவசியமில்லை.'

3

போன மாதம், பெருக்குவதற்காக மேசையை நகர்த்தியபோது ஒரு சிறுமியின் கால் ஓட்டைக்குள் போய், முழங்கால் வரை கிழிந்தது.

[இங்கே நான்கு வரி உருக்கமாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.]

"மறைச்சது நான்தான்டா," என்றாள் அக்கா.

4

நாளை அதே அதிகாரி மறுபடி வருகிறார். இந்த முறை எதையும் மறைப்பதில்லை என்று அக்கா படங்களையெல்லாம் பிரித்தெடுத்தாள். மேசையைத் தள்ளிவைத்து, ஓட்டையைச் சுற்றிக் கயிறு கட்டினாள். சுவர் முழுக்கத் துரு பல்லிளிக்கிறது.

இன்று மாலை, காலில் கட்டோடு அந்தச் சிறுமி வந்தாள். கையில் ஒரு புதுப் படம்.

"டீச்சர், சார் வர்றாருல்ல? சுவரு அசிங்கமா இருக்கு. இதை ஒட்டுங்க."

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா ஒட்டுகிறாள். மற்றதில் மறுக்கிறாள், பிள்ளை அழுகிறது. முதலாவது அழகாக வந்துவிட்டது, அதனாலேயே எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

படம் இன்னும் அக்கா கையில்தான் இருக்கிறது. பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீங்களே சொல்லுங்கள், ஒட்டட்டுமா?