ஹாதியா மார்க்

வெடித்த புஸ்வாணக் கூட்டை மேசைமேல் வைத்ததுமே ஜெய்லானிக்குத் தெரிந்துவிட்டது, அது தன் சரக்குதான் என்று. பிளந்த அட்டையின் உட்புறம் மங்கலாகப் பதினேழாம் தேதி ஒன்று தெரிந்தது. அச்சில் பிசகிப்போன காலண்டர் தாளை எடைக்கு வாங்கிக் கூடு சுற்றுகிற ஆள், அவருக்குத் தெரிந்து சிவகாசி வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். நுகர்வோர் கோர்ட்டில் இருந்த மற்றவர்களுக்கு அது வெறும் கரிந்த அட்டை. ஒருவனைத் தவிர. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நவ்ஷாத் அந்தக் கூட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவ்ஷாத் வேறு யாருமில்லை, தங்கை சித்திகாவின் புருஷன். லோடு ஏற்ற வந்தவனுக்குத் தங்கையையும் கட்டிக்கொடுத்து, கம்பெனியில் பங்கும் கொடுத்தவர் ஜெய்லானி. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஹாதியா என்று பேர் வைத்தவர் அவர். மூன்று வயதில் அது மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் படமெடுத்துப் பெட்டிக்கு லேபிள் ஆக்கியவரும் அவர். அந்தச் சிரிப்புக்கே சரக்கு பறந்தது. போன வருஷம் மச்சான்மார் இருவரும் கம்பெனியைப் பிரித்துக்கொண்டபோது ஷெட்டைப் பிரித்தார்கள், வேனைப் பிரித்தார்கள், வேலையாட்களைக்கூட ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். முகத்தை எப்படிப் பிரிப்பதாம்? ராஜபாண்டியன் அச்சகத்தில் மிச்சமிருந்த பழைய லேபிளை, இரண்டு பேர் பெயரும் போட்ட அதே லேபிளை, இருவருமே வாங்கி ஒட்டினார்கள்.

சீசன் தொடங்கியது. வடக்கேயிருந்து நவ்ஷாத்துக்கு வந்து குவிந்த ஆர்டரைக் கேள்விப்பட்டு ஜெய்லானிக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. தனக்கு அல்லா பிள்ளை கொடுக்கவில்லை, சரி, அதைப் பொறுத்துக்கொண்டாயிற்று. பிள்ளையும் அவனுக்கு, மார்க்கும் அவனுக்கா? ஹாதியா மார்க் எனக்கு மட்டுமே சொந்தம் என்று வழக்குப் போட்டார்.

அது நடந்துகொண்டிருக்கும்போதுதான் இந்த நோட்டீஸ் வந்தது. நாரணாபுரத்து சண்முகத்தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். தீபாவளிக்கு அவள் வாங்கிய புஸ்வாணம் பொங்காமல் வெடித்து, மகள் எழிலின் வலது கை வெந்துபோனது. லேபிளில் இரண்டு பேர் இருந்ததால் இரண்டு பேர் மேலும் கேஸ்.

வக்கீல் முத்துராமலிங்கத்துக்கு இதில் ஒரே குஷி. "நீங்க ஏன் பாய் கவலப்படுதீக? இது எங்க சரக்கே இல்ல, எங்க மார்க்கத் திருடி அந்த ஆளு போட்ட போலின்னு எழுதிருவோம். ரெண்டு கேசுக்கும் ஆகும்ல?" என்றார். ஜெய்லானி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நவ்ஷாத்தின் முறை. ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. காலண்டர் என்று சொன்னால் போதும்.

நவ்ஷாத் எழுந்து நின்றான். "ஐயா, ஹாதியா மார்க் எங்களது. எம் மக முகம் அதுல இருக்கு. அத ஒட்டுன பெட்டிக்கு நாந்தான் பொறுப்பு. அந்தப் பிள்ளையோட வைத்தியத்த நான் பாத்துக்கிடுதேன்."

"தப்பிச்சோம் பாய்," என்று வக்கீல் காதைக் கடித்தார். "என்ன, அந்த மார்க் கேசுதான் இனிக் கொஞ்சம் இடிக்கும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாந்தான்னுல்ல நின்னுட்டான்."

ஜெய்லானிக்கு அப்போதுதான் உறைத்தது. படுபாவி, தெரிந்தே சொல்கிறான். தங்கைக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா, மார்க்கை அமுக்கவா? எதுவாக இருந்தால் என்ன, அவருடைய பழியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான்.

வராந்தாவில் சண்முகத்தாய் நவ்ஷாத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்பீக ஐயா. இன்னொருத்தர் எஞ் சரக்கே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்கதான் ஹாதியா மொதலாளின்னு நிமிந்து நின்னீக."

நவ்ஷாத் குத்தவைத்து உட்கார்ந்து, "எங்க, காட்டு தாயி," என்றான். எழில் கையை நீட்டினாள். இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவன் அதைத் தன் கையில் வாங்கி ஏதோ கேட்டான். பிள்ளை சிரித்தது.

அந்த விரல்களைப் பார்த்ததும் வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சிரிப்பும் அவனுக்குத்தானா என்றுதான் ஜெய்லானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீல் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, ஆட்களை விலக்கிக்கொண்டு அங்கே போய் நின்றார்.

"ஏம்மா, அது அவன் சரக்கில்ல! எஞ் சரக்கு! உள்ள இருக்கது நான் வாங்குன காலண்டர் தாளு. எம் பட்டறையில சுத்துனது. ஹாதியா என் மார்க்கு! அவன் யாரு நடுவுல?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "பாய், வாய மூடுங்க!" என்று வக்கீல் பல்லைக் கடித்தார்.

நவ்ஷாத் எழுந்திருக்கவில்லை. "தெரியும் மச்சான். பாத்ததுமே தெரியும்," என்றான்.

சண்முகத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

ஜெய்லானி தானும் குத்தவைத்து உட்கார்ந்து கையை நீட்டினார். "இங்கன வா தாயி. மாமாட்ட காட்டு."

எழில் நவ்ஷாத்தின் பிடியிலிருந்து கையை உருவி, அம்மாவின் முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டாள். ஜெய்லானி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.