லாரிக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர்

மரித்சா ஆற்று வெள்ளம் வடிந்தபோது என் லாரியின் இன்ஜினுக்குள் தண்ணீர் நின்றது. மச்சான் கெனாடி ஸ்டார்ட் பண்ணப் போனான். சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

“உள்ள தண்ணிய வச்சிக்கிட்டுச் சுத்துனா பிஸ்டன் ராடு வளைஞ்சிரும்டா, கழுத.”

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையெல்லாம் கழற்றிவிட்டு, நானே சாவியைத் திருப்பினேன். அவை இருந்த துளைகளிலிருந்து பீறிட்ட சேற்றுத் தண்ணீர், எட்டிப் பார்த்த கெனாடியின் மூஞ்சியில் அடித்தது. ஆயில், டீசல், ஃபில்டர் எல்லாம் புதிதாக மாற்றி, இன்ஜெக்டர்களை மாட்டி மறுபடி திருப்பினேன். இன்ஜின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிறகு உறுமியது. தெருவே கைதட்டியது.

போகிற காரியம் தண்ணீர்போல் தடையில்லாமல் ஓடட்டும் என்று, பயணம் கிளம்புகிறவர்கள் முன்னால் எங்கள் ஊரில் ஊற்றும் செம்புத் தண்ணீரோடு என் மனைவி ரத்கா வந்தாள்.

“அக்கா, இன்னுமா தண்ணி?” என்றான் கெனாடி.

“அது ஆறு ஊத்துனது. இது நான் ஊத்துறது.”

சக்கரத்துக்கு முன்னால் ஊற்றினாள். அதை மிதித்துக்கொண்டு என் லாரி கிளம்பியது.