கத்தரித்துப் போட்ட இடைவெளி

ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவது அவன் பிழைப்பு. இருமல், கனைப்பு, இழுவை, இடைவெளி எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுப் பேச்சை மட்டும் பளிச்சென்று கொடுப்பான். மனைவி இறந்த பிறகு வீட்டிலும் அதே கதைதான். ஐந்து வயது மகள் "அம்மா" என்று வாயெடுத்தால் போதும், "பால் குடிச்சியா?" என்று ஒட்டுப்போட்டுவிடுவான். குழந்தை கெட்டிக்காரி. கேட்பதை விட்டாள். பிறகு பேசுவதையும் விட்டாள்.

மனைவியின் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "உங்க மேல கோவமில்ல மாப்ள. ஆனா உங்க வீட்ல ஃபிரிட்ஜ் மட்டுந்தான் பேசுது. ஞாயித்துக்கிழமை வர்றேன். புள்ள இப்படியே இருந்தா என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவன் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அந்த வாரம் பார்த்து ஒரு உளவியல் பேராசிரியையின் வேலை வந்தது. மூன்று மனநல ஆலோசகர்களின் பதிவுகள். ஒருவர் பால்யத்தைத் தோண்டுகிறவர். ஒருவர் எண்ணத்தை மாற்றப் பயிற்சி தருகிறவர். இன்னொருவர் மூச்சிலிருந்தும் உடம்பிலிருந்தும் தொடங்குகிறவர்.

"ஒருத்தர் நிழல் இன்னொருத்தருக்கு ஆகாது" என்று சிரித்தார் பேராசிரியை. "ஆனா மூணு பேர்கிட்டயும் ஆளுங்க தேறி வர்றாங்க. எப்படி? அதான் என் தலைவலி."

ஆலோசனைக்கு வந்தவர்கள் மனம் தேறத் தொடங்கிய பகுதிகளை மட்டும் அவன் சுத்தம் செய்து கொடுத்தான். அதைக் கேட்ட பேராசிரியையின் முகம் சுருங்கியது.

"என்ன தம்பி, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு? யாரும் மூச்சுகூட விடலையா?"

"வெத்து இடத்தையெல்லாம் எடுத்துட்டேன் மேடம். எப்பவும் அப்படித்தான்."

பேராசிரியை தலையில் அடித்துக்கொண்டார். "சாறைக் கொட்டிட்டு சக்கையைக் கொண்டாந்திருக்கீங்களே!"

நல்லவேளை, மூலப்பதிவு பத்திரமாக இருந்தது. இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

"உங்களுக்கு அப்பா மேல கோவம், இல்லையா?" என்கிறார் முதல் ஆலோசகர். பதிலில்லை. "தப்பா புரிஞ்சுக்கிட்டேன் போல. நீங்களே சொல்லுங்க." நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். வெகுநேரம் கழித்து ஒரு குரல்: "கோவமில்ல சார். பயம்."

அடுத்தவர், "இந்தப் பயிற்சி ஒத்துவரல போலயே, எங்க இடிக்குது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். மூன்றாமவர், "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். அதன் பிறகுதான் எதிரில் இருப்பவர் வாய் திறக்கிறார்.

"கொள்கை வேற வேற" என்றார் பேராசிரியை. "ஆனா சறுக்கினா சறுக்கினேன்னு ஒத்துக்கறாங்க. அப்புறம் எழுந்து ஓடாம கூடவே உக்காந்திருக்காங்க. இது மட்டுமே போதும்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா இது இல்லாத இடத்துல ஒண்ணும் நகரல."

சனிக்கிழமை மாலை. அலமாரிக்குள், அம்மாவின் துணிகளுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள் மகள்.

"அம்மா வேணும்போல இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினாள். 'பால்' என்ற சொல் அவன் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கினான்.

"அப்பா தப்பா கேட்டுட்டேன் போல. நீயே சொல்லுடா."

தரையில் உட்கார்ந்தான். ஃபிரிட்ஜ் முனகி ஓய்ந்தது. கால் மரத்துப்போனது. அவன் அசையவில்லை.

"அம்மாவப் பத்திப் பேசினா" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல், "நீயும் செத்துடுவியாப்பா?"

"மாட்டேண்டா. மாட்டேன்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. இத்தனை மாதமாக வராத அழுகை வந்தது. மகள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"அம்மா அழுதா மூக்கு செவக்கும். உனக்குக் காது செவக்குது!"

மறுநாள் காலிப் பையோடு வந்த அக்காவை மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அம்மாவின் மூக்கு, அப்பாவின் காது என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"அடேங்கப்பா, ஃபிரிட்ஜுக்கு வேலை போச்சே!" என்ற அக்கா, பையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று பிற்பகல் அவன் பேராசிரியைக்குப் போன் செய்தான். முகம் தெரியாத அந்த மூன்று பேருக்கும் சேர்த்து நன்றி சொல்லத்தான்.

"மேடம்" என்றான். அத்தோடு நின்றுவிட்டான்.

மறுமுனையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.